பிரவுன்ஸ்வில்லில் தோற்ற படுகை செகுண்டாவில் எப்படி ஜெயித்தது?

டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, பிரவுன்ஸ்வில் என்று ஓர் ஊர். 1950இல் அங்கே ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. இயற்கை எரிவாயுவைப் பெட்ரோலாக மாற்றுவது அதன் வேலை, நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,000 பீப்பாய் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஆய்வகத்தில் நன்றாக ஓடியது. பைலட் பிளான்ட்டிலும், அதாவது சிறிய சோதனை ஆலையிலும், நன்றாகத்தான் ஓடியது. ஏறக்குறைய 5 மீட்டர் அகலமுள்ள பெரிய ரியாக்டருக்கு வந்ததும், எதிர்பார்த்த அளவுக்கு வாயு வினைபுரியவில்லை. உள்ளே போனதில் கணிசமான பங்கு போன மாதிரியே மேலே வந்துவிட்டது. என்னென்னவோ மாற்றிப் பார்த்தார்கள், கைமாறவும் செய்தது, கடைசியில் 1957இல் இழுத்து மூடினார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து, தென்னாப்பிரிக்காவின் செகுண்டாவில், அதே வினை, அதே இரும்பு வினையூக்கி, அடிப்படையில் அதே மாதிரி ரியாக்டர், ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல் அகலம், 10.7 மீட்டர் விட்டம். ஒன்று நாளைக்கு 20,000 பீப்பாய் தருகிறது.

இரண்டுமே பாய்மப் படுகை ரியாக்டர்கள், இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. பாய்மப் படுகை ரியாக்டர் (ஆலைக்காரர்கள் வாயில் ஃப்ளூயிடைஸ்டு பெட்) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று வரிசையாகப் பட்டியல் போட்டுவிட்டு, எதிர்காலம் பிரகாசம் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் பெரிய ஆர்வம் இல்லை. ஏன் ஒரு வேலைக்கு இது முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது, இன்னொன்றுக்கு நாற்பது வருடம் இழுத்தது என்பதைப் பிடித்தால், இனி வரப்போகிறவற்றில் எது தேறும் என்று ஓரளவாவது ஊகிக்க முடியும்.

முதலில் அடிப்படை

ஒரு பாத்திரத்தில் மணல், அடியில் துளைகள் உள்ள தட்டு, கீழிருந்து காற்று. காற்று மெதுவாகப் போனால் மணல் இடுக்குகளில் நுழைந்து வெளியேறிவிடும், மணல் அசையாது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், காற்று மணலை மேலே இழுக்கும் விசை மணலின் எடைக்குச் சமமாகும் ஒரு கட்டம் வரும். அந்த நொடியில் படுகை முழுவதும் தளர்ந்து திரவம் மாதிரி ஆகிவிடும். பாத்திரத்தைச் சாய்த்தால் மேற்பரப்பு மட்டமாகவே நிற்கும், பக்கத்தில் துளை போட்டால் மணல் ஊற்றும், லேசான பந்தைப் போட்டால் மிதக்கும், இரும்புக் குண்டு மூழ்கும். கண்ணாடி மாதிரித் தெளிவான குழாயில் இதை முதல்முறை பார்த்தபோது, காற்றை நிறுத்தியதும் மிதந்த பந்து அப்படியே மணலில் சிறைபட்டு நின்றதுதான் எனக்கு மறக்கவே இல்லை.

அந்தக் கட்டத்துக்குப் பிறகு காற்றை எவ்வளவு கூட்டினாலும் படுகைக்குக் கீழும் மேலும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறாது, அது மணலின் எடையை மட்டும் தாங்கினால் போதும். 1 மீட்டர் உயர மணல் என்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தண்ணீர் அழுத்தம். ஆலையில் இயக்குநர்கள் கண் வைத்திருப்பது இந்த எண்ணில்தான். அது திடீரென விழுந்தால் படுகையில் எங்கோ ஓட்டை விழுந்து வாயு குறுக்கு வழியில் போகிறது என்று அர்த்தம், அல்லது பருக்கைகள் ஒட்டிக் கட்டியாகிவிட்டன என்று அர்த்தம். இரண்டும் கெட்ட செய்தி.

ரசாயன ஆலைக்கு இது ஏன் பிடித்துப்போகிறது? வெப்பம்தான் முதல் காரணம். பருக்கைகள் ஓயாமல் கலங்கிக்கொண்டே இருப்பதால் படுகை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. வினையூக்கியை நிலையாக அடுக்கி வைத்த ரியாக்டரில், வெப்பம் கக்கும் வினை நடந்தால் ஓரிடம் மட்டும் கொதித்துப்போய் வினையூக்கி கருகிவிடும், இங்கே அந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது, திடப்பொருளைக் குழாயில் திரவம் போல ஓட்டலாம். ஒரு பாத்திரத்தில் வேலை செய்து களைத்த வினையூக்கியை அடுத்த பாத்திரத்துக்கு அனுப்பி, அங்கே சரிசெய்து, திரும்ப வரவழைக்கலாம், ஆலையை நிறுத்தாமலே.

இதற்கெல்லாம் விலை ஒன்று உண்டு. அதிகப்படியான வாயு பருக்கைகளுக்கிடையே ஒழுங்காகப் போவதில்லை, குமிழியாகப் போகிறது. குமிழிக்குள் வினையூக்கி கிட்டத்தட்ட இல்லை. குமிழியில் ஏறிய வாயு, பயணச்சீட்டு இல்லாத பயணி மாதிரி, யாரையும் பார்க்காமல் மறுபக்கம் இறங்கிவிடும்.

பெட்ரோல் ஆலைக்கு முதல் அடியிலேயே பலித்தது

இந்த உத்தியைப் பெரிய அளவில் முதலில் பயன்படுத்தியவர் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் விங்க்லர். பழுப்பு நிலக்கரித் துகளை இப்படிக் கொதிக்க வைத்து வாயுவாக்கும் அவருடைய கலன் 1926இல் லாய்னாவில் ஓடத் தொடங்கியது. ஆனால் உலகம் முழுக்க இது பரவியதற்குக் காரணம் நிலக்கரி அல்ல, போர் விமானங்களுக்கான பெட்ரோல்.

கனமான எண்ணெயை உடைத்து பெட்ரோலாக்கும்போது வினையூக்கி மேல் சில நொடிகளிலேயே கரி படிந்து அது செத்துப்போகும். யூஜின் ஹூட்ரி உருவாக்கிய பழைய முறையில் வினையூக்கி நிலையாகக் கிடக்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணெயை நிறுத்திக் காற்றை விட்டுக் கரியை எரித்து, மறுபடி எண்ணெய். வால்வுகள் ஓயாமல் திறந்து மூடும். இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வாரன் லூயிஸ், எட்வின் கில்லிலாண்ட் இருவரும் பொடியை வாயுவோடு சேர்த்து ஓட்டலாம் என்று காட்டினார்கள், ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் நியூஜெர்சியில் டொனால்ட் கேம்ப்பெல், ஹோமர் மார்ட்டின், எகர் மர்ஃப்ரீ, சார்லஸ் டைசன் என்ற நால்வர் அதை ஆலையாக்கினார்கள். நாளைக்கு 100 பீப்பாய் ஓட்டிய பைலட் பிளான்ட்டிலிருந்து நேராக 13,000 பீப்பாய்க்குத் தாவி, 1942 மே 25 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் முதல் யூனிட் ஓடியது. 130 மடங்கு தாவல், நடுவில் ஒரு படி கூட இல்லை.

இந்தத் தாவல் ஏன் பலித்தது? திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் கணிப்பில் பாதி அதிர்ஷ்டம். களிமண் வகை வினையூக்கி லேசானது, நுண்ணியது, பல அளவுகள் கலந்தது. அப்படிப்பட்ட பொடியில் குமிழி ஓர் அளவுக்கு மேல் வளராது, உடைந்து உடைந்து சேரும். அதோடு, எண்ணெய் உடையும் வினை வேகமானது, ஒரு பங்கு உடையாமல் தப்பினாலும் கெட்டுப்போவதில்லை, வடிகட்டிப் பிரித்துத் திருப்பி அனுப்பிவிடலாம். அதாவது குமிழியால் வரும் நஷ்டத்தை மன்னிக்கிற வேலை அது. இன்னொரு அழகும் உண்டு: கரியை எரிக்கும்போது கிடைக்கும் சூட்டை வினையூக்கியே சுமந்துகொண்டு ரியாக்டருக்கு வந்து எண்ணெயை ஆவியாக்குகிறது, தனி அடுப்பு பெரிதாகத் தேவைப்படவில்லை. 1960களில் ஜியோலைட் என்ற, நுண்துளைகள் நிறைந்த படிக வினையூக்கி வந்தபோது வினை இன்னும் வேகமாகி, படுகையிலிருந்து மேலேறும் குழாய்க்கே இடம் மாறிவிட்டது, படுகை என்பது கரி எரிக்கும் பாத்திரத்தில்தான் மிச்சம்.

இந்த வெற்றியைப் பார்த்துத்தான் பிரவுன்ஸ்வில் பிறந்தது.

பிரவுன்ஸ்வில்லில் என்ன தவறியது

ஹைட்ரோகோல் என்று அந்த முறைக்குப் பெயர். எரிவாயுவை ஆக்சிஜனோடு பாதி எரித்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆக்குவார்கள், அதை இரும்பு வினையூக்கிப் படுகையில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் செலுத்தினால் பெட்ரோல் வகை ஹைட்ரோகார்பன்கள் கிடைக்கும். ஃபிஷர்-ட்ரோப்ஷ் வினை. ஒரு மோல் கார்பன் மோனாக்சைடுக்கு ஏறக்குறைய 165 கிலோஜூல் வெப்பம் வெளியேறும், இது கொஞ்சநஞ்சமல்ல, வெப்பத்தை உடனுக்குடன் எடுக்காவிட்டால் பெட்ரோலுக்குப் பதில் மீத்தேனும் கரியும்தான் மிஞ்சும். ஆகவே பாய்மப் படுகை என்பது சரியான தேர்வுதான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

தவறு எங்கே? குறுகலான சோதனைக் குழாயில் குமிழி குழாயின் அகலத்துக்கு மேல் வளர முடியாது, சுவர் பிடித்துக்கொள்கிறது. 5 மீட்டர் அகலமுள்ள பாத்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். படுகையில் குமிழி ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சென்டிமீட்டர் குமிழி நொடிக்கு ஏறக்குறைய 0.7 மீட்டர் ஏறும், 1 மீட்டர் குமிழி நொடிக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர். 5 மீட்டர் உயரப் படுகையைக் கடக்க முதலாவதுக்கு ஏழு நொடி, இரண்டாவதுக்கு இரண்டேகால் நொடி. நேரம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அதோடு போகவில்லை, பெரிய குமிழிக்குக் கொள்ளளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு குறைவு, எனவே உள்ளே இருக்கும் வாயு சுற்றியுள்ள வினையூக்கிக்கு வந்து சேரும் வாய்ப்பு அதைவிட வேகமாகச் சரிகிறது. இரண்டு நஷ்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எண்ணெய் உடைக்கும் ஆலையைப் போல இங்கே மன்னிப்பும் கிடையாது. தப்பிப்போகும் ஒவ்வொரு கன மீட்டர் வாயுவும் ஆக்சிஜன் ஆலை வைத்து, பெரும் செலவில் தயாரித்தது. இரும்போ கனமான பொருள். அதே அளவுப் பருக்கை என்றாலும் களிமண் பொடி நடந்துகொள்கிற மாதிரி அது நடந்துகொள்ளாது.

நியாயமாகச் சொன்னால், படுகை மட்டும் குற்றவாளி அல்ல. ஆலையின் மற்ற பகுதிகளிலும் தொல்லை இருந்தது, எரிவாயு விலை ஏறியது, மத்திய கிழக்கிலிருந்து மலிவான கச்சா எண்ணெய் வந்து இறங்கியது. பலர் கதையை அந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள், சந்தை கொன்றுவிட்டது என்று. எனக்கு அது வசதியான சாக்காகத் தெரிகிறது. வடிவமைத்தபடி வாயு வினைபுரிந்திருந்தால் இன்னும் சில வருடங்களாவது தாக்குப்பிடித்திருக்கும்.

சாசோல் எடுத்த சுற்றுவழி

தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி உண்டு, எண்ணெய் இல்லை. சாசோல் நிறுவனம் சாசோல்பர்கில் 1955இல் தொடங்கிய ஆலை பிரவுன்ஸ்வில் பாணியைத் தவிர்த்துவிட்டு, கெல்லாக் நிறுவனத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டது, சிந்தால் என்று பெயர். குமிழிதான் பிரச்சினை என்றால் குமிழியே வராமல் செய்துவிடலாமே என்ற யோசனை. வாயுவின் வேகத்தை அவ்வளவு கூட்டினார்கள், வினையூக்கிப் பொடி முழுவதும் வாயுவோடு குழாயில் பறந்து மேலே போனது, அங்கே சைக்ளோன் என்ற சுழல் பிரிப்பானில் வாயுவிலிருந்து பிரிந்து, ஒரு செங்குத்துக் குழாய் வழியே விழுந்து, மறுபடி கீழே வந்து வாயுவோடு சேர்ந்தது. சுற்றோட்டப் படுகை.

வேலை செய்தது, ஆனால் சுலபமாக இல்லை. இதை ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளவே அவர்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதன் அடிப்படைக் குறை என்னவென்றால், போட்ட வினையூக்கியில் ஒரு பகுதிதான் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும், மீதி இறங்கு குழாயில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். மணிக்கு ஆயிரக்கணக்கான டன் இரும்புப் பொடியை மேலே தூக்கிக் கீழே போடுவதற்கான மின்சாரம், குழாயை அரிக்கும் அந்தப் பொடி, இவ்வளவு எடையை உயரத்தில் தாங்கும் எஃகுச் சட்டகம் எல்லாம் சேர்ந்து செலவு. கரி படியப் படியப் பருக்கை பருத்து லேசாகும், இறங்கு குழாயின் அழுத்தச் சமநிலை மாறும். இருந்தும், 1980களின் தொடக்கத்தில் செகுண்டாவில் இரண்டு மாபெரும் ஆலைகள் கட்டியபோதும் இதே வடிவம்தான், மொத்தம் 16 ரியாக்டர்கள், ஒவ்வொரு ரியாக்டரும் நாளைக்கு ஏறக்குறைய 7,500 பீப்பாய்.

அப்புறம்தான் திருப்பம். 1980களில் பேட்ஜர் நிறுவனத்தோடு சேர்ந்து சாசோல் பழைய பாணிக்கே திரும்பிப் பார்த்தது, அதாவது வினையூக்கி பறக்காமல் ஒரே பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் சாதாரணப் பாய்மப் படுகைக்கு. 1 மீட்டரில் ஒரு சோதனை ரியாக்டர். 1989இல் சாசோல்பர்கில் 5 மீட்டர், பிரவுன்ஸ்வில் சறுக்கிய அதே அளவு! அது தேறியதும் 1995இல் செகுண்டாவில் 8 மீட்டர், நாளைக்கு 11,000 பீப்பாய். பிறகு 10.7 மீட்டர். 1999க்குள் பழைய 16க்குப் பதில் புதியவை 8 போதுமானதாக இருந்தது. ரியாக்டர் விலை குறைவு, வினையூக்கிச் செலவு குறைவு, அழுத்த இழப்பு குறைவு, குளிர்விக்கும் குழாய்ச் சுருள்களைப் படுகைக்குள்ளேயே வைக்க இடமும் தாராளம்.

நடுவில் மாறியது என்ன? பாத்திரம் அல்ல, பருக்கையைப் பற்றிய புரிதல். 1973இல் டெரெக் கெல்டார்ட் பொடிகளை நான்கு வகையாகப் பிரித்தார். ஏ வகை நுண்ணிய, லேசான பொடி, எண்ணெய் ஆலை வினையூக்கி இந்த ரகம், இதில் குமிழி ஓர் எல்லைக்கு மேல் வளராது. பி வகை மணல் போன்றது, குமிழி வளர்ந்துகொண்டே போகும். சி வகை மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஒழுங்காகக் கொதிக்கவே செய்யாது. டி வகை பெரிய, கனமான மணிகள். இதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், பிரவுன்ஸ்வில்லில் கேட்காமல் விட்ட கேள்வி தெளிவாகத் தெரிகிறது: இந்தப் பொடி எந்த வகை, அதில் மிக நுண்ணிய தூள் எவ்வளவு சதவீதம் இருக்கிறது, ஓடும்போது அந்த விகிதம் நிலைக்கிறதா? நுண்தூள் போதுமான அளவு இருந்து, வாயு வேகத்தையும் நன்றாகக் கூட்டினால் குமிழிகள் உருவாகும் முன்பே சிதறிவிடுகிற ஒரு கலக்க நிலை வருகிறது. அந்த நிலையில் 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் வித்தியாசம் அவ்வளவு பயமுறுத்தாது. அதற்கு நல்ல சைக்ளோன் வேண்டும், இல்லாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த நுண்தூள் முழுவதும் புகைபோக்கி வழியாகப் போய்விடும்.

மற்ற ஆலைகள், இதே கண்ணாடி வழியாக

சோஹியோ நிறுவனம் 1960இல் ஒஹையோவின் லைமாவில் தொடங்கிய அக்ரிலோநைட்ரைல் ஆலை, அதாவது புரொப்பிலீன், அம்மோனியா, காற்று மூன்றையும் சேர்த்துச் செயற்கை இழைக்கான மூலப்பொருள் செய்வது, உடனடியாகப் பெரும் வெற்றி. வெடிக்கக்கூடிய கலவையை வெளியே கலக்காமல் படுகைக்குள்ளேயே தனித்தனியாகச் செலுத்தலாம், பருக்கைகள் தீப்பொறியை அணைத்துவிடும். ஆரம்பம் முதலே பொடியின் அளவில் அவர்கள் கவனம் வைத்திருந்தார்கள்.

பாலிஎத்திலீன் கதை வேறு ரகம். யூனியன் கார்பைட் 1968இல் டெக்சாஸின் சீட்ரிஃப்டில் தொடங்கிய முறையில், படுகையில் கொதிப்பது வினையூக்கி அல்ல, தயாராகிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மணிகளே. பழைய உயரழுத்த முறையில் ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் தேவைப்பட்டது, இங்கே இருபது சொச்சம் போதும். வாயு ஒருமுறை படுகையைக் கடக்கும்போது சில சதவீதம்தான் வினைபுரிகிறது, மீதி குளிர்ந்து திரும்பி வருகிறது, ஆகவே குமிழியில் தப்பினாலும் கவலை இல்லை, திரும்ப வரப்போகிறதே. ஆனால் மணிகள் உருகி ஒட்டும் வெப்பநிலைக்குச் சில டிகிரிகள் கீழேதான் படுகை ஓடுகிறது. நிலைமின்சாரம் சேர்ந்து, சுவரோரம் தூள் ஒட்டி, அது உருகித் தகடாகி விழுந்தால், ஆலையை நிறுத்தி ஆள் வைத்து வெட்டி எடுக்க வேண்டியதுதான். இங்கே எதிரி குமிழி அல்ல, ஒட்டல்.

கொதிகலன்களிலும் அப்படியே. ஃபின்லாந்தின் பிஹ்லாவாவில் 1979இல் 15 மெகாவாட் வெப்ப அளவில் சுற்றோட்டப் படுகைக் கொதிகலன் வந்தது. போலந்தின் வாகிஷாவில் 2009இல் 460 மெகாவாட் மின்சாரம், சீனாவின் பைமாவில் 2013இல் 600 மெகாவாட். எரியும் வெப்பநிலை 850 டிகிரி சொச்சம் மட்டுமே என்பதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவு, சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்தால் கந்தகமும் உள்ளேயே பிடிபடும், மட்டமான நிலக்கரி, மரச்சில்லு எதைப் போட்டாலும் எரியும். ஆனால் வைக்கோல் மாதிரி பொட்டாசியம் நிறைந்த எரிபொருளைப் போட்டால் சாம்பலும் மணலும் சேர்ந்து கண்ணாடி மாதிரி உருகிப் படுகையே கட்டியாகிவிடும். எதையும் எரிக்கலாம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள்.

தேய்மானத்தையும் விட முடியாது. 2015 பிப்ரவரி 18 அன்று கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு. எண்ணெய் உடைக்கும் யூனிட்டை நிறுத்தி வைத்திருந்த நேரம். வினையூக்கியை அடைத்து நிறுத்த வேண்டிய சறுக்கு வால்வு வருடக்கணக்கில் அதே பொடி உரசி உரசித் தேய்ந்திருந்ததால் வினையூக்கி ஒழுகிவிட்டது, தடுப்பாக நின்றிருக்க வேண்டிய பொடி மட்டம் இல்லாமல் எண்ணெய் வாயு பின்னோக்கிப் போய், தூசு பிடிக்கும் மின்கருவியில் தீப்பற்றியது. பொடியை ஓட்டுகிற ஆலையில் பொடியே அரம்.

இனி வரப்போவது

முதலில் இரும்பு. நிலக்கரி இல்லாமல், ஹைட்ரஜனால் தாதுவை இரும்பாக்க வேண்டும் என்ற அவசரம் இப்போது எல்லோருக்கும். சுரங்கத்திலிருந்து வரும் தாது பெரும்பாலும் தூள், செங்குத்து உலையில் போட அதை உருண்டையாக்கிச் சுட வேண்டும். பாய்மப் படுகைக்குத் தூளே போதும், அந்த ஒரு படியே மிச்சம். காகிதத்தில் அருமை.

இது புதிதும் அல்ல. டிரினிடாடின் பாயிண்ட் லிசாஸில், ஹைட்ரஜனை மட்டுமே வைத்து, வருடத்துக்கு 5 லட்சம் டன் திட்டத்தில், சர்கோரெட் என்ற சுற்றோட்டப் படுகை ஆலை 1999இலேயே ஓட ஆரம்பித்தது. நீண்ட நாள் நிலையாக ஓடவில்லை. புதிதாகப் பிறந்த இரும்பின் மேற்பரப்பு ஒட்டும் தன்மை உடையது, சில நேரம் பருக்கை மேல் மெல்லிய இழைகள் முளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆகவே வெப்பநிலையை 650 டிகிரிக்குள் அடக்கி வைக்க வேண்டும், அடக்கினால் வினை மெதுவாகும். போதாக்குறைக்கு ஹைட்ரஜன் வினை வெப்பத்தை உறிஞ்சுவது, அந்த வெப்பத்தை வாயுவே சூடாகச் சுமந்து வர வேண்டும், ஆகவே வினைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜனைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டியிருக்கிறது. தென்கொரியாவின் போஹாங்கில் 2007இல் ஓடத் தொடங்கிய ஃபைனெக்ஸ் ஆலை தூளைப் படுகையில் கையாளலாம் என்று பெரிய அளவில் நிரூபித்துவிட்டது, ஆனால் அதில் வாயு நிலக்கரியிலிருந்து வருவது. ஆஸ்திரியாவின் டோனாவிட்ஸில் 2021இல் ஹைட்ரஜனை வைத்து ஹைஃபோர் என்ற சோதனை ஆலை தொடங்கியது, மிக நுண்ணிய தாதுத் தூளையே நேராகப் போட. நுண்ணிய தூள் என்றால் சி வகைக்குப் பக்கத்தில் போகிறது, அதனால் எனக்குக் கொஞ்சம் பயமும் கொஞ்சம் ஆவலும்.

அடுத்தது ரசாயனச் சுழற்சி எரிப்பு. இரண்டு படுகைகள், நடுவில் ஓடும் உலோக ஆக்சைடுப் பொடி. ஒரு படுகையில் பொடி காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அடுத்ததில் எரிபொருளுக்குக் கொடுக்கும். காற்றின் நைட்ரஜன் எரிபொருள் பக்கம் வருவதே இல்லை என்பதால் வெளிவருவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டும், குளிரவைத்தால் தூய கார்பன் டை ஆக்சைடு கையில். எண்ணெய் உடைக்கும் யூனிட்டின் தம்பி மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் அது சரிதான்: அதே லூயிஸும் கில்லிலாண்டும் 1954இல் இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள், அப்போது நோக்கம் தூய கார்பன் டை ஆக்சைடு தயாரிப்பது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2003இல் 10 கிலோவாட் அளவில் ஓடிக்காட்டினார்கள். இங்கே கேள்வி பருக்கையின் ஆயுள். ஆக்சிஜனை வாங்கிக் கொடுத்து, விரிந்து சுருங்கி, சுவரில் மோதி, எத்தனை சுற்று தாங்கும்? விலை உயர்ந்த நிக்கலாக இருந்தால் நீண்ட நாள் தாங்கியே ஆக வேண்டும், இல்மனைட் மாதிரி மலிவான தாதுவாக இருந்தால் தேய்ந்தாலும் பரவாயில்லை, போட்டுக்கொண்டே இருக்கலாம். நான் இரண்டாவது பக்கம்தான் பந்தயம் கட்டுவேன்.

சூரியத் தகடுகளுக்கான சிலிக்கானில் மாற்றம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. வழக்கமான முறையில், ஏறக்குறைய 1,100 டிகிரிக்கு மின்சாரத்தால் சூடேற்றிய கம்பிகள் மேல் சிலிக்கான் படியும், சுற்றியுள்ள மணி வடிவக் கலனின் சுவரைக் குளிர்விப்பதில் பெரும்பங்கு மின்சாரம் வீணாகும். படுகையில் சிலேன் என்ற சிலிக்கான் கலந்த வாயுவைச் செலுத்தினால் அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் சின்ன மணிகளே வளர்ந்து பெரிதாகின்றன, தொடர்ச்சியாக எடுக்கலாம். தொல்லை என்னவென்றால் சுவரிலும் படியும், ஒரு பகுதி நுண்தூளாகவும் போகும், மணிகள் சுவரில் உரசினால் தூய்மை கெடும்.

பிளாஸ்டிக் கழிவைச் சுடு மணலில் போட்டு எண்ணெயாக்குவது பற்றி ஒரு வார்த்தை போதும். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியதுதான். உருகிய பிளாஸ்டிக் மணலைப் பூசி ஒட்டவைக்கும், அதுவும் கலப்படக் கழிவு என்றால் ஒவ்வொரு நாளும் வேறு பொருள் வருகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கணினி மாதிரிகள் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 70 மைக்ரான் பருக்கைகள் பாதி இடத்தை அடைத்திருக்கும் 1 கன மீட்டர் படுகையில் எத்தனை பருக்கை என்று கணக்குப் பார்த்தேன்: ஏறக்குறைய 2.8 லட்சம் கோடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடர முடியாது. கூட்டம் கூட்டமாகச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், குமிழிக்கு அது நன்றாகவே வருகிறது. ஒட்டலுக்கும் தேய்மானத்துக்கும் அவ்வளவு வருவதில்லை, ஏனென்றால் அவை பருக்கையின் தோலில் நடக்கிற விஷயம்.

ஆகவே புதிய படுகை ஒன்று அறிவிக்கப்பட்டால் நான் மூன்றைத் தேடுகிறேன், சோதனைக் குழாயின் விட்டம், பொடியில் நுண்தூளின் பங்கு, நிறுத்தாமல் ஓடிய மணிகள். ஹைட்ரஜன் இரும்பைப் பொறுத்தவரை மூன்றாவது எண்தான் என்னைப் பிடித்து வைக்கிறது. சாசோல் 1 மீட்டரிலும் 5 மீட்டரிலும் நின்று நிதானித்துத்தான் 8க்கு ஏறியது, அதற்கு பத்து வருடத்துக்கும் மேல் ஆனது, அதுவும் தன் வினையூக்கியைக் கால் நூற்றாண்டு கையாண்டு பழகிய பிறகு. இரும்பு ஆலைகளுக்கான காலக்கெடுவோ பெரும்பாலும் 2030ஐச் சுற்றியே பேசப்படுகிறது.